லூஸ் விட்டு எடுத்த அளவு

"டம்ளர் அங்க இருக்கு, நீங்க டீயை இங்க ஊத்தறீங்களே!" என்றாள் மனைவி.

பள்ளி வேன் ஓட்டுகிறவர் பாத்திரத்தைப் பட்டென்று வைத்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். மதியத்துக்குள் நெற்றிப்பொட்டு தெறிக்கும். படி இறங்கினால் தரை எழும்பி வருவது போலிருக்கும்.

"பழகிடும்" என்றார்.

"எது? தலைவலி மாத்திரையா?"

கண்ணாடியை ஆன்லைனில் வாங்கலாம் என்றது தையல்காரியான அந்த மனைவிதான். பவர் டாக்டர் எழுதியது, அதில் தப்பில்லை. ஆனால் ஆர்டர் போடும்போது, இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று போன் திரையில் ஒரு கேள்வி வந்தது. "நான் எடுக்காத அளவா?" என்று கழுத்திலிருந்த இன்ச் டேப்பை உருவி, அவர் மூக்கின் மேல் வளைத்துப் பிடித்தாள்.

"கிச்சுகிச்சு மூட்டாதடி."

"சட்டைக்கு அளவு குடுக்கற குழந்தைங்ககூட இப்படி நெளியாதுங்க. சும்மா நில்லுங்க."

கைப்பழக்கம், கொஞ்சம் லூஸும் சேர்த்துக்கொண்டாள். இறுக்கிப் பிடிக்கக் கூடாதே!

இன்று, தைத்து முடித்த சீருடைகளைப் பள்ளியில் கொடுக்க அவளும் வேனில் ஏறினாள். பிள்ளைகள் இறங்கியபின், வண்டியை ஓரங்கட்ட மெல்ல நகர்த்தினார். முன்னால் ஒரு சிறுமி குனிந்து ஷூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னங்க! பிள்ளை!"

பிரேக் கிறீச்சிட்டது. சிறுமியின் முதுகுப்பையை உரசியபடி வண்டி நின்றது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிப்போனாள். அவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தள்ளித்தான் நிக்கறான்னு நெனச்சேன். கண்ணாடி வந்ததுல இருந்தே இப்படித்தான். நீ ஆசையா வாங்கினே... சொல்ல மனசு வரல."

அவள் சாவியை உருவிக்கொண்டாள். இருவரும் நடந்தே கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் அவர் கண்களை அளந்தாள். கண்ணாடியையும் அளந்தாள்.

"யாரு சார் அளவு எடுத்தது?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"நான்தாம்மா. ஆன்லைன்ல வாங்கறப்போ டேப்பை மூக்கு மேல வளைச்சு... லூஸும் விட்டேன்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நேர்கோட்டுல எடுக்கணும்மா. இது ஒன்பது மில்லிமீட்டர் கூட இருக்கு. ஒவ்வொரு லென்ஸோட மையமும் அந்தந்தக் கருவிழிக்கு நேரா இருக்கணும். இல்லேன்னா கண்ணு இழுத்துப் பிடிச்சே ஓஞ்சுடும். ஆன்லைன்லயே வாங்குங்க, தப்பில்ல. அளவை மட்டும் எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட எடுத்துக்குங்க."

சாயங்காலம் வேறு ஒருவர் வேனை எடுத்துப் போனார். இவர் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள், மிதிக்கவில்லை.

"விடும்மா. தெரியாமத்தானே செஞ்சே."

"தெரியலேன்னா கேட்டிருக்கணும். சட்டை இறுக்கினா பிரிச்சுத் தைப்பேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா எதைப் பிரிச்சு எதைத் தைக்கிறது? கண்ணுக்கான அளவை அதைத் தெரிஞ்சவங்கதான் எடுக்கணும். நீங்களும், கண்ணு சரியில்லேன்னா என் மூஞ்சிக்குப் பயப்படாம வாயைத் திறந்து சொல்லணும்."