ஏறிப்போன மதிப்பெண்

அந்த மனநலச் சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருந்தவளுக்கு ‘துருவி’ என்று பட்டப்பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்குச் சம்பளமும் வாங்கினாள். அவளையே அன்று கண்டக்டரம்மாவின் எட்டாவது வாரத் தாள் குழப்பிவிட்டது.

கண்டக்டரம்மா வேலை பார்த்த பஸ் போன வருடம் கவிழ்ந்தது. அதன்பிறகு அவளால் பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் இருபது கேள்விகள் கொண்ட தாளை நிரப்புவாள். கஷ்டம் கூடினால் மதிப்பெண் கூடும். முதல் வாரம் முப்பத்தெட்டு, இன்று நாற்பத்தொன்று. எட்டு வாரத்துக்குள் இறங்காவிட்டால் சிகிச்சையை நிறுத்திக் கோப்பை மூடி, காத்திருப்பவருக்கு இடத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது பெரிய டாக்டரின் விதி.

“அப்போ நான் ஃபெயிலா?” என்று கண்டக்டரம்மா சிரித்தாள். கை மட்டும் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தது.

துருவிக்கு ஏதோ இடித்தது. இவள் மூன்று வாரமாக பஸ்ஸில்தானே வருகிறாள்? எட்டுத் தாள்களையும் மேஜையில் பரப்பினாள். விபத்தைப் பற்றிய பதில்கள் எல்லாம் நன்றாகவே இறங்கியிருந்தன. ஏறியவை தூக்கம், திடுக்கிடல், எந்நேரமும் உஷாராக இருப்பது என்று ஐந்தே கேள்விகள். முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், இன்று ஒவ்வொன்றுக்கும் நாலு.

“தூக்கத்துக்கு அப்போ ஏன்மா பூஜ்யம் போட்டீங்க?”

“நல்லாத்தானே தூங்கினேன். செருப்பை மாட்டிக்கிட்டுப் படுத்தா அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவேன்.”

“செருப்போடயா?”

“ஆமா, ஏழு வயசுலேருந்து. எங்கப்பா குடிச்சிட்டுக் கட்டையைத் தூக்கிட்டு வந்தா ஓடணும்ல? செருப்பைத் தேடிட்டு நின்னா மாட்டிக்குவோம். எல்லாருமே இப்படித்தான் படுப்பாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் மேடம். போன மாசம் தங்கச்சி வீட்டுல தங்கினேன். அவ வெறுங்காலோட தூங்குறா! ‘பயமா இல்லையாடி?’ன்னு கேட்டா, ‘எதுக்குக்கா பயம்?’ங்கிறா. அப்புறம்தான் எனக்கே யோசனை வந்துச்சு.”

“அவங்களும் அதே வீட்டுலதானே வளர்ந்தாங்க?”

“அவளை இடுப்புல தூக்கிட்டு ஓடினது நான்தானே. அவளுக்கு எதுக்குச் செருப்பு?”

துருவிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சின்ன வயதைப் பற்றி முதல் நாளே கேட்டிருந்தாள். ‘எல்லார் வீட்டுலயும் நடக்குறதுதான்’ என்று வந்த பதிலை அப்படியே எழுதிக்கொண்டு விபத்துக்குத் தாவிவிட்டாள். ஊரையே துருவுகிறவள் அந்த ஒரு இடத்தில் கோட்டை விட்டிருந்தாள்.

தாள்களை அள்ளிக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஓடினாள்.

“கஷ்டம் கூடல சார். சின்ன வயசுலேருந்தே இருக்குறதுதான், அது கஷ்டம்னே அவங்களுக்கு இப்பத்தான் தெரியுது.”

டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். “சரி, இன்னும் எட்டு வாரம் எடுத்துக்கங்க. இந்த அஞ்சு கேள்வியிலேருந்து ஆரம்பிங்க,” என்றவர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தபடி கேட்டார். “இதுக்கு முன்னாடி இப்படி ஏறினவங்களை என்ன பண்ணோம்?”

“மூடிட்டோம் சார்.”

கண்டக்டரம்மாவிடம் செய்தியைச் சொல்லி அனுப்பிவிட்டு, துருவி பழைய கோப்புகளைக் கிளறினாள். இப்படி மதிப்பெண் ஏறியவர்கள் பதினொரு பெண்கள். ‘பலனில்லை’ என்று பதினொன்றிலும் அவள் கையெழுத்தே இருந்தது. முதல் எண்ணை அழைத்தாள்.

“எனக்குச் சரியாகாதுன்னுதானே மேடம் அனுப்பி வச்சீங்க?” என்றது மறுமுனைக் குரல்.

“தப்பு என்னோடதும்மா. நான் சரியா கேக்கல. திரும்ப வர்றீங்களா?”

“அப்போ... நான் தேறாத கேஸ் இல்லையா மேடம்?”

“இல்லம்மா,” என்று மட்டும்தான் துருவியால் சொல்ல முடிந்தது. அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.