யானைப் படம் போட்ட டேட்டாபேஸ்

திண்டிவனத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த அந்தக் கல்லூரியில் தாளாளர் வேங்கடேசன் அறைக்கு ஏசி உண்டு. நூலகத்தில் மின்விசிறியே ஒழுங்காகச் சுற்றாது. இருதயராஜுக்கு அது தெரியும். அவன் மனைவி ஜெசிந்தா நான்கு வருஷம் அந்த விசிறிக்குக் கீழேதான் நூலகராக வேலை பார்த்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் புருஷன் என்று அவன் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நூலக மென்பொருளை மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விழுப்புரத்தில் தான் நடத்திவந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தின் பேரில் விலைப்புள்ளி அனுப்பினான். கூப்பிட்டார்கள், வந்தான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். ஜெசிந்தா ஏற்றி வைத்த பதிவுகள் சிந்தாமல் சிதறாமல் புதிய மென்பொருளுக்கு வர வேண்டும். முக்கியமாக, 'தேடுசொல்' என்ற ஃபீல்டு. நிலக்கடலை சாகுபடி பற்றிய புத்தகத்துக்கு அவள் அதில் மல்லாட்டை என்று எழுதியிருந்தாள். கேழ்வரகுக்குக் கேப்பை. அனந்தபுரம், பிரம்மதேசம் என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் அப்படித்தான் தட்டித் தேடுவார்கள். புத்தகம் வந்து நிற்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இப்படி யோசித்து யோசித்து எழுதினாள். சோறு பொங்கும்போதுகூட, "ஏங்க, இதுக்கு உங்க ஊர்ல என்னா சொல்லுவீங்க?" என்பாள்.

எந்த டேட்டாபேஸ் என்று முடிவெடுக்கத்தான் இன்றைய கூட்டம். ஓப்பன் சோர்ஸில் மூன்றை ஒப்பிட்டு இருதயராஜ் அறிக்கை தயாரித்திருந்தான். தமிழ் எழுத்தை எது சிதைக்காமல் வைத்துக்கொள்ளும், அகரவரிசை எதில் சரியாக வரும், நடுவில் மின்சாரம் போனால் எது தாங்கும். ஒவ்வொன்றின் சின்னத்தையும் பக்கத்தின் தலையில் அழகுக்குப் போட்டிருந்தான்.

"ஓப்பன் சோர்ஸ்னா என்னா தம்பி?" என்றார் தாளாளர்.

"இலவசம் சார். உள்ள எப்படி எழுதியிருக்குன்னும் யாரு வேணா பாக்கலாம்."

"இலவசமா? இலவசமா வந்த மிக்சி எங்க வூட்டுப் பரண்ல கெடக்குது. சட்னி அரைச்சா தண்ணி தனியா, தேங்கா தனியா வருது."

கம்ப்யூட்டர் துறைத் தலைவர் ஜெகதீசன் சிரித்தார். தாளாளர் எதைச் சொன்னாலும் சிரிப்பது அவர் பார்த்துவந்த இன்னொரு துறை.

"சார், நாம நேரா பிக் டேட்டாவுக்குப் போயிடலாம்," என்றார் ஜெகதீசன். "சென்னையில ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் போயிட்டு வந்தேன். ஒரே நேரத்துல லட்சம் பேரு வந்தாலும் தாங்கும்."

"நம்ம லைப்ரரிக்கு எத்தினி பேரு வர்றாங்க?"

"இப்ப ஒரு பத்துப் பதினஞ்சு பேரு சார். ஃபேன் சரியில்ல, அதான்."

தாளாளர் அறிக்கையைப் புரட்டினார். படிக்கவில்லை. கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் படம் படமாகப் பார்த்தார்.

"இது என்னா, மீனா?"

"டால்ஃபின் சார். மைஎஸ்க்யூஎல்."

"இது?"

"கடல் சிங்கம். மரியாடிபி."

"ரெண்டும் தண்ணியில கெடக்கறது. மெஷினுல தண்ணி பட்டா பேஜாரு." அடுத்த பக்கத்தில் விரல் நின்றது. முகம் மலர்ந்தது. "யானை!"

"போஸ்ட்கிரெஸ் சார். தமிழுக்கு இதுதான்..."

"இன்னிக்கி வெள்ளிக்கெழம. புள்ளையாரே வந்து நின்னுக்கினு இருக்காரு, அப்புறம் என்னா பேச்சு? தம்பி வேதக்காரங்களாச்சே, யானைன்னா ஒண்ணும் வருத்தமில்லியே?"

"இல்ல சார்."

அவன் பரிந்துரைத்திருந்ததும் அதைத்தான். வாரக்கணக்கில் சோதித்துப் பார்த்து அவன் வந்து சேர்ந்த இடத்துக்குத் தாளாளர் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார்.

எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது ஜெகதீசன் தொண்டையைக் கனைத்தார். "சார், ஒரு விஷயம். பழைய டேட்டாவுல குப்பை நெறைய இருக்குது. முன்ன இருந்த லைப்ரரியன் அம்மா மல்லாட்டை, கேப்பைன்னு இஷ்டத்துக்கு அடிச்சிக்கினு போயிருக்காங்க. தர மதிப்பீட்டுக் குழு பாத்தா மானம் போயிடும். அந்த ஃபீல்டையே தூக்கிடலாம்."

"அய்ய, அசிங்கமா இருக்குமே. தூக்கிடுங்க," என்றார் தாளாளர். அவர் அப்பா மல்லாட்டை போட்ட கொல்லையில்தான் அந்த ஏசி அறை நின்றது.

"அத வெச்சுத்தான் சார் பசங்க தேடுறாங்க," என்றான் இருதயராஜ்.

"காலேஜுக்கு வந்தா நிலக்கடலைன்னு சொல்லக் கத்துக்கட்டும்," என்றார் ஜெகதீசன்.

இருதயராஜ் இரண்டு பேரையும் பார்த்தான். இந்த அறையில் காரணம் செல்லாது. படம்தான் செல்லும்.

"எடுத்துடலாம் சார். ஒரு நிமிஷ வேலை," என்றான். "ஆனா யானையில ஏத்தும்போது ஒரு ஃபீல்டு கொறஞ்சாலும் ஒடஞ்சி பின்னமான சிலை கணக்குதான், பூசைக்கு ஆகாது. அப்புறம் உங்க இஷ்டம்."

ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்துவைத்தவர் வேங்கடேசன். விறைத்து உட்கார்ந்தார்.

"பின்னமா? ஜெகதீசன், எதுலயும் கை வெக்காதீங்க. இருக்கறது இருக்கறபடியே ஏறணும்."

ஜெகதீசன் வாய் திறந்தது. அப்படி ஒன்றும் கிடையாது என்று அவருக்குத் தெரியும். ஃபீல்டை எடுப்பது எப்படி என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவரே பாடம் நடத்துகிறார். தாளாளர் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டார்.

ராகுகாலம் முடிந்ததும் ஏற்றிவிட வேண்டும் என்று உத்தரவு. நூலகக் கணிப்பொறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். தாளாளரே சூடத் தட்டோடு வந்தார். இருதயராஜ் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு, விசைமேல் விரலோடு காத்திருந்தான். இவர்களிடமிருந்து அவள் வேலையைக் காப்பாற்ற ஒரு பொய் வேண்டியிருந்தது. அதுவும் இவ்வளவு மட்டமான பொய்.

"யாரு பேருக்கு தம்பி பூச?"

"ஜெசிந்தா."

"அது யாரு?"

நான்கு வருஷம் அவளுக்குச் சம்பளம் கொடுத்தவர் கேட்டார்.

"இங்க லைப்ரரியனா இருந்தவங்க சார்."

"ஓ, அந்தம்மாவா. நட்சத்திரம் என்னா?"

"தெரியாது சார்."

"அப்ப வுடு. காலேஜ் பேருக்கே பண்ணிடலாம்," என்று சூடத்தைக் கொளுத்தினார் தாளாளர்.

இருதயராஜ் விசையை அழுத்தினான். திரையில் பதிவுகள் ஏறத் தொடங்கின. ஒன்றும் குறையவில்லை.