எட்டாவது ஆள்

அவளுக்குப் பதினொரு வயது. அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து நான்கு வருஷம். வெளியாட்கள் முன்னால் வீட்டுக்காரியைச் 'சித்தி' என்று கூப்பிட வேண்டும். யாரும் இல்லாதபோது 'அம்மா'. பெற்ற அம்மா செத்துப்போன பிறகு அந்த வார்த்தையை எடுத்தாலே நாக்கு கனத்தது. அதனால் முடிந்தவரை யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே வேலையைப் பார்த்தாள்.

கீழ்வீட்டு நர்ஸ்தான் பேச்சை எடுத்தாள்.

"தூரத்துச் சொந்தம்னு சொல்றீங்க. சொந்தக்காரப் பிள்ளை ஸ்கூலுக்குப் போகாதா?"

"அவளுக்குப் படிப்பு ஏறாதும்மா." வீட்டுக்காரி கழுவுற மீனில் நழுவுற மீன்.

"ஏறுதா இறங்குதான்னு டீச்சர் பார்க்கட்டும். இல்லேன்னா நான் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிடுவேன்."

அன்றைக்கு நர்ஸால் பிடுங்க முடிந்தது மதியம் இரண்டு மணி நேரம்தான். பள்ளிக்கூடமே பார்க்காத பிள்ளைகளுக்கு நூலகத்தின் பின்னறையில் வகுப்பு நடந்தது. அதில் தேறினால் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். பட்டியலில் எட்டுப் பேர். மூன்று நாள் வராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்கு. வீட்டுக்காரியும் அதையே கெடுவாகப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாள் போ. அவங்க சேர்த்துக்கலேன்னா அப்புறம் இந்தப் பேச்சே இருக்கக் கூடாது."

முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். பெஞ்சுகளில் விரல்கனத் தூசி. தூசியைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. ஜன்னலில் கிடந்த துணியை எடுத்துத் துடைத்தாள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தானும் உட்காரலாம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. சுவரோரம் நின்றாள்.

டீச்சர் அந்த இடத்துக்குப் புதுசு.

"கூட்ட வந்த பொண்ணா? அந்த மூலையையும் பாரும்மா."

"சரிங்க."

நான்கு வருஷத்தில் அவள் வாய்க்குப் பழகிய ஒரே பதில் அதுதான். மூலை, அலமாரி, வாசல் என்று கூட்டித் துடைத்து முடிக்கும்போது வகுப்பும் முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் டீச்சர் கழுவச் சொல்லி டம்ளர்களைக் கொடுத்தார். வாசலில் நின்று துடைத்தபடியே கரும்பலகையைப் பார்த்தாள். டீச்சரிடம் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: 'நான் படிக்க வந்தேன்.' வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தாள், சுலபமாக வந்தது. மாடிப்படியில் சொன்னாள்; வந்தது. ஆள் முகத்தைப் பார்த்தால் மட்டும் 'சரிங்க' என்றுதான் வந்தது. நர்ஸிடமாவது சொல்லலாம் என்றால் அவள் வீட்டுக் கதவு இரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்தது.

மூன்றாம் நாளும் துணியோடுதான் நின்றாள். கடைசி பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் பதிவேட்டை விரித்தார்.

"நர்ஸ் அனுப்பறேன்னு சொன்ன பொண்ணு இன்னைக்கும் வரல. அடிச்சிட வேண்டியதுதான். வெளிய எத்தனை பிள்ளைங்க காத்துக் கிடக்கு."

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு வந்திருக்குங்க," என்றாள் அவள்.

டீச்சர் நிமிர்ந்தார். "எங்கம்மா?"

"பெஞ்சு துடைக்குதுங்க."

முன்வரிசைப் பையன் பக்கென்று சிரித்தான். "டீச்சர், கூட்டுற அக்கா ஜோக்கடிக்குது."

டீச்சர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"மூணு நாளா ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டால்தான் பேச வேண்டும் என்பது அவள் கற்ற பாடம்.

டீச்சர் நடந்து வந்து அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். துணி போனதும் கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"உக்காரும்மா."

"எங்கங்க?"

"உனக்கு எங்க இஷ்டமோ அங்க."

அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கடைசி பெஞ்சின் ஓரத்தில், எழுந்திருக்க வசதியாக, ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள். அந்த பெஞ்சில் வேறு யாரும் இல்லை. டீச்சர் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார், அடிக்கும் கோடு இல்லை, வந்ததற்கான கோடு. ஒரு பென்சிலும் நோட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

யாராவது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று வகுப்பு முடியும்வரை அவள் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை.