இடுப்பளவு சிமெண்ட்

1

இந்தக் கதை, காந்திபுரத்துப் பேக்கரி ஒன்றில் என் காதில் விழுந்த ஒற்றை வாக்கியத்தில் பிறந்தது. பின் மேசைக்காரர் போனில் யாரிடமோ சொன்னார்: "அவார்டு குடுக்கறவங்க வர்றாங்கன்னு சொவுத்துக்குச் சிமெண்ட்டப் பூசிப்போட்டனுங்க." குரலில் அத்தனை மகிழ்ச்சி. நான் திரும்புவதற்குள் போய்விட்டார். டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: டவுன்ஹாலுக்குப் பின்னால், பஞ்சு வியாபாரிகள் கட்டிய அந்த மாடி வீடு மாலை வெயிலில்—

வேண்டாம். மாலை வெயிலில் எந்தக் கட்டடமும் அழகுதான்.

இரண்டாவது: ரெபேக்கா வந்தபோது சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது.

இப்படியே போகலாம். ரெபேக்கா பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து மீட்கும் ஆர்க்கிடெக்ட். இந்த வீட்டுக்காக இரண்டு வருடம் உழைத்திருக்கிறாள். வீட்டுக்காரர் பொங்கியண்ணன் பெருந்துறையில் கம்பெனி நடத்துகிறார்; வீடு நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகள் லோகப்பிரியாவுக்கு அங்கே வணிக வளாகம் கட்ட வேண்டும். நகரத்தின் மரபுக் கட்டடங்களைக் காப்பவர்களுக்கு ஒரு சங்கம் தரும் விருதுக்கு ரெபேக்கா விண்ணப்பித்ததும், மகள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"அவார்டு வந்தா உங்க ஊடு நிக்கட்டுங்கப்பா. வரலீன்னா ஜேசிபி வரும்."

அப்பா சிரித்தபடி ஒத்துக்கொண்டார். அவ்வளவு நம்பிக்கை.

3

(இங்கே கொஞ்சம் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.) சுண்ணாம்புச் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சி, பூச்சின் வழியே வெளியே விட்டுவிடும். அடியில் தெரியும் கறை அப்படி வந்ததுதான். அதன்மேல் சிமெண்ட்டை அப்பினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உள்ளே செங்கல் மாவாகும். அதனால்தான் அந்தச் சங்கத்துக்கு ஒரே கண்டிப்பான விதி: சிமெண்ட் தொடக்கூடாது.

நடுவர் வரும் நாள் காலையில் முன்சுவர் முழுக்க இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசி, மேலே வெள்ளையும் அடித்திருந்தது.

"வாங்க அம்மணி, எப்படி இருக்குதுங்க?" பொங்கியண்ணன் புதுச் சட்டையில் நின்றார். "கீழ பூரா ஈரக்கறைங்க. நாலு பெரியவங்க வர்ற எடத்துல அப்படியே உட்டு வெக்கறதுங்களா? உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நானே ஆளக் கூட்டியாந்து முடிச்சுப்போட்டேன். மதுக்கரை பேக்டரியில இருந்து நேரா எறங்குன சிமெண்ட் மூட்டைங்க. இனி அசையாது."

ரெபேக்கா சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்குங்கய்யா," என்றாள்.

4

பொங்கியண்ணனை எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டு வருடத்தில் இது தெரியாமல் இருக்குமா? யோசித்துப் பார்த்தேன். கொத்தனார்களிடம் ரெபேக்கா தினமும் சொன்னாள். இவர் மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து, எல்லாருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவரிடம் 'இதைத் தொடாதீங்க' என்று எப்படிச் சொல்வது? அவளைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனசில்லை. அவரிடம் கண்டிப்பாகப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. இந்த ஊர் மரியாதையில் யாரும் யாரையும் நோகடிப்பதில்லை. இடையில் சுவர் அகப்பட்டுக்கொண்டது.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. சிமெண்ட் பட்டிருக்கிறதா என்று நடுவர் கேட்கிறார். ரெபேக்கா, இல்லைங்க சார் என்கிறாள். விருது வருகிறது. வீடு நிற்கிறது. சில மழைக்காலங்கள் போன பிறகும் வெளியே வெள்ளை அப்படியே இருக்கிறது. வருகிறவர்களிடம் பொங்கியண்ணன் அந்தச் சுவரைத் தட்டிக் காட்டுகிறார். உள்ளே ஏதோ பொலபொலவென்று—

ஆ. ஆமாங்க சார் என்கிறாள். விருது இல்லை. லோகப்பிரியா சொன்ன சொல் மாறாதவள். இடிப்பது ஏன் என்று அப்பாவுக்குத் தெரியவரும்போது அவர் தன் கைகளை—

இதை என்னால் முடிக்க முடியவில்லை.

விருதை வாங்கிக்கொண்டு பிறகு சிமெண்ட்டைப் பெயர்த்தெடுக்கலாமே என்பீர்கள். செங்கலின் தோலும் கூடவே பிய்ந்து வரும், ஆனாலும் காப்பாற்றிவிடலாம். அதற்கு அவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதையும் பலமுறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ரெபேக்கா பெருந்துறைவரை போய், மழையைப் பற்றிப் பேசி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறாள்.

6

நடுவர் மெர்வின், ஓய்வுபெற்ற பொறியாளர். அதிகம் பேசாதவர். மரப்படியை, கூரையைப் பார்த்துத் தலையாட்டினார். ஜன்னல் கொக்கியைத் தொட்டு, "அருமைம்மா," என்றார். பிறகு முன்சுவருக்கு வந்து உள்ளங்கையை வைத்தார். கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

(பொங்கியண்ணன் பக்கத்தில் நின்றிருந்தால் பெருமையாக அவரே சொல்லிவிடுவார், கதை முடிந்துவிடும். அதனால் நடுவருக்கு இளநீர் வெட்டிவர அவரைக் கொல்லைக்கு அனுப்பியிருக்கிறேன். இது என் சூழ்ச்சி. லோகப்பிரியா மட்டும் காரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.)

"சிமெண்ட் எங்கயாச்சும் பட்டிருக்காம்மா?"

தெரியாமல் கேட்பது போலில்லை. அவளே சொல்லட்டும் என்று காத்திருப்பது போலிருந்தது.

ரெபேக்கா என்னைப் பார்க்கிறாள். அவள் வாயில் நான் வைத்த ஒரே வார்த்தை 'நல்லாயிருக்கு'. அதற்கே இன்னும் வருந்திக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள் சொல்லுங்கள். மெதுவாக யோசிக்க நேரமில்லை. இரண்டு கையிலும் இளநீரோடு பொங்கியண்ணன் வந்துகொண்டிருக்கிறார். உங்கள் பதில் அவர் காதிலும் விழும்.