பக்கிரியின் கைராசி

"அய்யய்யோ! தாலியறுத்தவ கை பட்ட வண்டியா இது? இதுலயா எம் புள்ள ஏறுவான்?"

சாக்குத் திரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி இராஜம்மா போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. வெற்றிலை எச்சிலைத் துப்ப இடம் தேடி எழுந்தவள் கடையின் பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டாள். அங்கே வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, விரலெல்லாம் கிரீஸும் கறுப்புமாக, ஒரு சக்கரத்தின் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். பெண்ணைப் பெற்ற மாரியாயிதான் அது.

முன்கட்டில் பூத்தட்டும் பழத்தட்டும் பரப்பி வைத்திருந்தார்கள். நடுவில் மாலை போட்டுக் குங்குமம் வைத்த புதுச் சைக்கிள். செந்தூலிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் அதன் மணியை இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். ரயில்வே பட்டறையில் வேலை. புதுச் சைக்கிள் இல்லாமல் கல்யாணப் பேச்சே இல்லை என்று அவன் தாய் இராஜம்மா போன மாதமே சொல்லிவிட்டாள். அந்தச் சைக்கிள்தான் பெட்டியில் துண்டு துண்டாக வந்து, மூன்று நாள் மாரியாயியின் கையில் இருந்து, பெடல் தவிர முழுதாக எழுந்து நின்றது.

"என்ன பக்கிரி, ஊமையாட்டம் நிக்கிற? இத்தன நாளா உன் கைராசின்னுல்ல சொன்னாங்க?"

பிரிக்பீல்ட்ஸில் அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். மாரியாயியின் கொழுந்தன் பக்கிரிசாமிக்குக் காற்றடிக்கத் தெரியும், கல்லாவில் உட்காரத் தெரியும். கித்தா விலை விழுந்த வருஷம் செமினி ரப்பர்த் தோட்டத்தில் சீட்டுக் கிழித்து அனுப்பிவிட, துணிமூட்டையோடு அண்ணன் கடைக்கு வந்து சேர்ந்தவன். சைக்கிளை வாங்கித் திரைக்குப் பின்னால் தள்ளுவான். ரிப்பேர் ஆகித் திரும்பி வந்ததும் துணியால் ஒரு துடை துடைத்துக் கொடுப்பான். 'பக்கிரி தொட்டா ஆறு மாசத்துக்கு வண்டி படுக்காது' என்று ரயில்வே கோட்டர்ஸ் முழுக்கப் பேச்சு.

மாரியாயி இந்த வேலையை ஒளித்துச் செய்யக் கற்றுக்கொண்டவள் அல்ல. ரயில்வே யார்டில் வலது கை நசுங்கி வேலை போனபின் அவள் புருஷன் வைத்த கடை அது. அவன் வாயால் சொல்வான், அவள் கையால் செய்வாள். முன்கட்டில், தெருவைப் பார்த்து, நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்துதான் செய்தாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் மலைக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள் அதே கை கெட்ட கையாகிவிட்டது. விடியற்காலை வேலைக்குப் போகிற ரயில் டிரைவர்கள் இவள் முகத்திலா விழிப்பது என்று தெரு கேட்டது. பக்கிரிசாமி கோணிச் சாக்கு இரண்டைத் தைத்து நடுவில் தொங்கவிட்டான். நாலு வருஷமாகிறது. ஆரம்பத்தில் அழுதாள். பிறகு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

இப்போதும் அவள் எழுந்து நின்று கையைச் சேலையில் துடைத்தாள். மூலையில் தலை குனிந்து நின்ற மகள் சீதாலெட்சுமியை மட்டும் ஒரு முறை பார்த்தாள். இந்தக் கல்யாணம் நடந்தால் போதும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பக்கிரிசாமி குழைந்தான். "இல்ல சம்பந்தியம்மா... அவங்க சும்மா எடுத்துக் கொடுக்கிறதுதான். வேல பூரா நம்ம கைதான். வேணும்னா பாருங்க, பெடல் இன்னும் மாட்டல. உங்க கண்ணு முன்னாலயே மாட்டுறேன்."

இராஜம்மா யோசித்தாள். மாலை போட்ட சைக்கிளை விட்டுவிட்டுப் போக அவளுக்கும் மனசில்லை. "சரி, கடைசிக் கை ஆம்பள கையா இருக்கட்டும். தோஷம் அதோட போகட்டும்" என்று அவளே ஒரு சாத்திரம் சொல்லி உட்கார்ந்தாள்.

தட்டுகளுக்கு நடுவே இடிக்காமல் நிற்கட்டும், ஏறுகிற நேரத்தில் மாட்டலாம் என்று மாரியாயிதான் பெடல்களை எடுத்து வைத்திருந்தாள். பக்கிரிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினான். வலது பெடல் ஒழுங்காக ஏறியது. இடது பெடலையும் அப்படியே திருகினான். உலகத்துத் திருகெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் இறுகும். சைக்கிளின் இடது பெடல் மட்டும் இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். கடையில் நாலு வருஷம் இருந்தவனுக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஏற மறுத்ததை ஸ்பேனரைப் போட்டு முக்கி முக்கித் திருகினான்.

சாக்குத் திரைக்குப் பின்னால் நின்ற மாரியாயிக்கு இரும்பு கீச்சிடுவது கேட்டது. திருகின் மரை நசுங்குகிற சத்தம் அது.

"அந்தப் பெடல எதிர்ப்பக்கம் திருப்புங்க, தம்பி" என்றாள்.

"நல்ல காரியத்துல வாயத் தொறக்காத!" என்று இராஜம்மா சீறினாள்.

பக்கிரிசாமி அதே பக்கம் இன்னும் ஒரு முக்கு முக்கித் திருகினான்.

ராதாகிருஷ்ணன் மிடுக்காக ஏறி உட்கார்ந்தான். தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் போனான். அங்கே மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது இடது பெடல் கழன்றுகொண்டது. ஆள் தலைகுப்புறச் சாக்கடை ஓரத்தில் விழுந்தான். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடிப்போய்க் கிடந்தவனை நாலு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள்.

பெடல் ஏன் கழன்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. "கெளம்புற நேரத்துல அவ வாயத் தொறந்தா பாரு, அப்பவே எனக்குப் பகீர்னுச்சு" என்றாள் இராஜம்மா. வெற்றிலைபாக்கு மாற்ற வந்த கிழவர்கள் தலையை ஆட்டினார்கள். பக்கிரிசாமியும் ஆட்டினான். அவனுக்கு உண்மை தெரியாது என்று சொல்ல முடியாது; மரை நசுங்கிய பெடலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆட்டினான்.

கடைசியில் இராஜம்மா பெரிய மனசு பண்ணினாள். கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். பெண் லெட்சணமாக இருக்கிறாள். ஆனால் பெற்றவள் இந்த ஊரில் இருக்கக் கூடாது. கல்யாணத்துக்கும் வரக் கூடாது, அப்புறம் மகளைப் பார்க்கிறேன் என்று செந்தூல் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது.

"அண்ணி, என்ன சொல்றீங்க?" என்று பக்கிரிசாமி திரையைப் பார்த்துக் கேட்டான்.

"சரி" என்றாள் மாரியாயி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சாக்குத் திரைக்கு அடியில் மெல்ல அந்தச் சைக்கிள் உள்ளே தள்ளப்பட்டது. "கொஞ்சம் பாத்துக் கொடுத்திருங்க அண்ணி" என்று பக்கிரிசாமி குரலைத் தாழ்த்திச் சொன்னான். பெடலைத் தாங்குகிற கிராங்க் கெட்டுப்போயிருந்தது, அவள் அதைக் கழற்றி வேறொன்று மாட்டினாள். வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தினாள். வேறொரு பெடலை எடுத்து இடப்பக்கமாகத் திருகி இறுக்கினாள். கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. அவள் எங்கோ இருந்தாள். அரை மணி நேரத்தில் சைக்கிள் வெளியே போனது. ராதாகிருஷ்ணன் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தான். ஆணியடித்த மாதிரி நின்றது பெடல்.

"பாத்தீங்களா, அந்தச் சனியனைப் போகச் சொன்னதும் பக்கிரி கைராசி திரும்ப வந்திருச்சு" என்று இராஜம்மா சிரித்தாள்.

மாரியாயி ரயிலேறிக் கிள்ளான் ஊருக்குப் போனாள். பெரியம்மா மகள் வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மாவாட்டினாள். மகள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். மணி பத்தாகியிருக்கும், இந்நேரம் முடிந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு அடுத்த ஈடு உளுந்தை எடுத்தாள். துக்கம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. தைப்பூசம் வந்தது, போனது. மழைக்காலம் வந்தது. மகள் எப்படி இருக்கிறாள் என்று சொல்ல யாரும் வரவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் ரயில்வே பார்சலில் அவள் பெயருக்குச் சாக்குப்பொதி ஒன்று வந்தது. பிரித்தால் உள்ளே சைக்கிள் சக்கரம். எட்டு மாதிரி வளைந்திருந்தது. கம்பி முறுக்குகிற நிப்பிள் சாவியையும் கட்டி வைத்து, ஒரு துண்டுக் காகிதம். கடை ஆள் வாசித்துச் சொன்னார்.

'அண்ணிக்கு பக்கிரிசாமி எழுதுவது. மாப்பிள்ளை வண்டி மாட்டுவண்டியில் மோதி முன்சக்கரம் கோணிவிட்டது. நான் நிமிர்த்தப் பார்த்ததில் இன்னும் கோணிவிட்டது. ஒரு வாரமாக நடந்து போகிறார். தினம் லேட்டு. இனி லேட்டானால் பெயரை எடுத்துவிடுவேன் என்று துரை சொல்லிவிட்டாராம். வீட்டில் கோபத்தையெல்லாம் சீதா மேல் காட்டுகிறார்கள். சரிபண்ணி உடனே அனுப்பவும். நீங்கள் செய்தது என்று யாருக்கும் தெரிய வேண்டாம். இங்கே கைராசி போய்விட்டது என்று ஒருத்தனும் கடைக்கு வருவதில்லை.'

கடைக்குப் பின்னால், இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே சக்கரத்தைத் தொங்கவிட்டு அவள் உட்கார்ந்தாள். மெல்லச் சுற்றிவிட்டு, எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து, கம்பி கம்பியாகச் சுண்டிப் பார்த்தாள். தளர்ந்தது மொத்தையாக ஒலித்தது, இறுகியது கிணுங்கென்றது. இதோ இந்த இடம் தளர்த்தணும், இந்த இடம் முறுக்கணும். பாதி வேலையில் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. ஏன் என்று முதலில் அவளுக்கே விளங்கவில்லை. இந்தச் சக்கரம் மகளின் வீட்டுக்குப் போகும். திண்ணமாகப் போகும், வாசல்வரை, உள்ளேகூடப் போகும். தான் மட்டும் போகக் கூடாது. இத்தனை வருஷமாக அவளிடம் வராத கோபம் அப்போதுதான் வந்தது. சத்தம் போடுகிற கோபம் இல்லை. சக்கரம் கோடு போட்ட மாதிரி சுற்றுகிறவரைக்கும் பொறுமையாக வேலை செய்கிற கோபம்.

சாக்கில் கட்டினாள். ஆனால் பார்சல் ஆபீசுக்குப் போகவில்லை. மறுநாள் முதல் வண்டிக்குச் சீட்டு வாங்கினாள்.

அவள் விசாரித்துக்கொண்டு செந்தூல் கோட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டறையின் முதல் சங்கு ஊதி முடிந்திருந்தது. ராதாகிருஷ்ணன் சோற்றுத் தூக்கோடு வாசற்படி இறங்கிக்கொண்டிருந்தான். முன்சக்கரம் இல்லாத சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் அவன் கால் நின்றுவிட்டது. பின்னாலேயே வந்த இராஜம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"காலங்காத்தால இவ மூஞ்சியா! யாருடி உன்னை வரச் சொன்னது? சொன்ன சொல்லு மறந்துபோச்சா?"

"மறக்கல" என்றாள் மாரியாயி. சாக்கைப் பிரித்துச் சக்கரத்தைப் படியில் சாய்த்து வைத்தாள். மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினாள். "இத நான்தான் பெண்டு எடுத்தேன், மாப்ளே. பக்கிரி இல்ல. அந்த வண்டியப் பூட்டுனதும் நான்தான். ஒரு வருஷமா நீங்க மிதிக்கிற பெடலும் நான் மாட்டுனதுதான். எங் கை பட்டது ஆகாதுன்னா இது இங்கயே கெடக்கட்டும், நீங்க நடந்தே போங்க. ஆகும்னா பூட்டிக்கிட்டு ஏறிப் போங்க. ரெண்டாஞ் சங்குக்கு இன்னும் நேரமிருக்கு. நான் எம் மகளப் பாத்துட்டுப் போறேன்."

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ராதாகிருஷ்ணன் தாயைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், பட்டறைப் புகைபோக்கியைப் பார்த்தான். பிறகு தூக்கைக் கீழே வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சக்கரத்தை எடுத்தான்.

சீதாலெட்சுமி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இளைத்திருந்தாள், வயிறு கொஞ்சம் மேடிட்டிருந்தது. அந்தச் சேதியும் தனக்கு யாரும் சொல்லவில்லை என்று மாரியாயி நினைத்துக்கொண்டாள். மகள் மாமியாரைத் தாண்டிப் படியிறங்கி வந்து தாயின் கையைப் பிடித்தாள். கிரீஸ் கறுப்பு அவள் கையிலும் ஒட்டியது. அவள் கையை எடுக்கவில்லை.

"ரெண்டு பக்க நட்டையும் ஒரே அளவா இறுக்குங்க, மாப்ளே" என்றாள் மாரியாயி.

அவன் அப்படியே இறுக்கினான். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தான், இம்மி ஆடவில்லை.

இராஜம்மா உள்ளே போய் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். மாரியாயி நின்ற இடம், அவள் நடந்து வந்த வழி, சாக்கு கிடந்த படி எல்லாவற்றிலும் வாய்க்குள் முணுமுணுத்தபடி தெளித்தாள். சைக்கிளின் பக்கம் வந்ததும் குனிந்து, அந்தச் சக்கரத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு, அதன் மேல் மட்டும் ஒரு சொட்டும் படாமல் பார்த்துத் தெளித்தாள். கம்பி துருப்பிடித்துவிடக் கூடாதல்லவா?