வெல்க்ரோ வைத்த சட்டைகள்

என் கணவருக்காக நான் நாலு சட்டைகளைத் திருத்தினேன். இருபது வருடத் தையலில் அவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்ததில்லை. அதைவிட முட்டாள்தனமான வேலையையும் செய்ததில்லை.

கடைத்தெரு முனையில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. புதிதாக எதுவும் தைப்பதில்லை. சுருக்குவது, நீட்டுவது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைத் தேவைக்கும் தேவையில்லாமலும் அழுத்துவார் என்பதால் மாணவர்கள் ‘பிரேக்’ என்று பேர் வைத்திருந்தார்கள். கோபம் இல்லாத நாட்களில் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

நாலு வருடத்துக்கு முன் அவருடைய இடது தொடை எலும்பில் புற்றுநோய் வந்தது. எலும்பை வெட்டி, உலோகம் வைத்து, கீமோ கொடுத்து, முடி கொட்டி, மறுபடி முளைத்து, ஒழிந்தது சனியன் என்று இருந்தோம். போன வருடம் நுரையீரலில் வந்து நின்றது. நெஞ்சைத் திறந்து எடுத்தார்கள். ஆறே மாதத்தில் இன்னும் மூன்று கட்டிகள். இனிமேல் வழக்கமான மருந்தால் பெரிய பலன் இருக்காது என்று டாக்டர் சொன்னார்.

பிறகுதான் ட்ரையல் என்று ஒரு மருந்துச் சோதனையில் சேர வாய்ப்பு வந்தது. தினமும் மாத்திரை, நாலு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சேர்த்துக் கொடுத்தால் திரும்பி வந்த எலும்புப் புற்றுநோய் அடங்குமா, உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் மூன்று மூன்று பேராகச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மூவர் எப்படித் தாங்கினார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மூவருக்கு அளவு முடிவாகும். இவர் இரண்டாவது மூவரில் ஒருவர். தினம் இரண்டு மாத்திரை.

கூடவே ஒரு டைரி கொடுத்தார்கள். காய்ச்சல், வாய்ப்புண், வயிறு, உள்ளங்கை, உள்ளங்கால் என்று கட்டம் கட்டமாக. தொந்தரவு இல்லையென்றால் பூஜ்யம். லேசாக இருந்தால் ஒன்று. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் இரண்டு. தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள முடியாது என்றால் மூன்று. இவர் கையெழுத்து இவருக்கே புரியாது என்பதால் டைரி என் பொறுப்பு.

மூன்றாவது வாரம் உள்ளங்கை சிவந்தது. விரல் நுனியெல்லாம் தோல் தடித்து வெடித்தது. உள்ளங்காலில் கொப்புளம். குளியலறைக்குக் குதிகாலால் நடந்து போனார். நான் டைரியை எடுத்தேன்.

“எழுதாதே.”

“ஏன்?”

“ரெண்டு போட்டா மாத்திரையைக் குறைப்பாங்க. மூணு போட்டா வெளியிலேயே அனுப்பிடுவாங்க. அப்புறம் எங்க போறது?”

“அப்படின்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. எனக்குத் தெரியும். எரியுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

ஒரு ஜிப்புக்காக வாடிக்கையாளரிடம் வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போடுகிறவள் நான். அன்றைக்கு அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன். அவரை இழந்துவிடுவேனோ என்ற பயம்தான், வேறென்ன. பூஜ்யம் போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கையைப் பார்த்து நர்ஸ் கேட்டபோது, “காரைக் கழுவினேன் சிஸ்டர், சோப்பு ஒத்துக்கல” என்று கூசாமல் புளுகினார்.

நாலாவது வாரம் பட்டன் போட முடியவில்லை. நெஞ்சை அறுத்ததிலிருந்து டீ-ஷர்ட்டைத் தலைவழியாக மாட்டவும் தோள் ஒத்துழைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் நான் போட்டுவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் நாலு சட்டைகளிலும் பட்டன் துளைகளை மூடித் தைத்து, மேலே பட்டனை வெறும் அலங்காரமாக வைத்து, அடியில் வெல்க்ரோ கொடுத்தேன். மணிக்கட்டால் அமுக்கினால் போதும். ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அவர் கண்ணாடி முன் நின்று, “நீ தப்பான தொழிலுக்கு வந்துட்டே, போலி நோட்டு அடிச்சிருக்கலாம்” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் வெட்கம்.

ட்ரையல் நர்ஸுக்கு நாங்கள் வைத்த பேர் இன்ஸ்பெக்டர். குட்டையான, அதிகம் பேசாத பெண். நாலாவது வாரக் கடைசியில், இரண்டாவது டிரிப்ஸுக்கு முன்னால், அவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“சட்டையைத் திறங்க சார், இ.சி.ஜி. எடுக்கணும்.”

இவர் மணிக்கட்டைக் கொடுத்து இழுத்தார். சர்ர்ரக் என்றது. அந்தச் சின்ன அறையில் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்குத்தான் தெரியும்.

நர்ஸ் சட்டை விளிம்பைப் புரட்டிப் பார்த்தார். பட்டனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நல்ல தையல். எத்தனை நாளா?”

இவர் சட்டையை மறுபடி மணிக்கட்டால் அமுக்கி மூடப் பார்த்தார். “கை எரிய ஆரம்பிச்சுப் பன்னிரண்டு நாள் சிஸ்டர்,” என்றேன் நான்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார், முதல் மூணு பேருக்குத் தினம் மூணு மாத்திரை கொடுத்தோம். அதுல ஒரு அம்மா, கட்டத்துல மூணு போட்டதோட நிக்காம, ‘இன்னைக்கு என் சட்டைக்கு என்னால பட்டன் போட முடியல’ன்னு பக்கத்துல எழுதியும் வெச்சாங்க. அதைப் பார்த்துதான் உங்களுக்கு ரெண்டா குறைச்சோம்.”

“அவங்களை வெளியில அனுப்பிட்டீங்களா?” என்றார் இவர்.

“எதுக்கு அனுப்பணும்? ஒரு வாரம் நிறுத்திட்டு, குறைச்சுக் கொடுத்தோம். உங்க டைரி சுத்தமா இருக்கு. அதை நம்பி, அடுத்த மூணு பேருக்கு டிரிப்ஸைக் கூட்டலாம்னு நாளைக்கு மீட்டிங்ல பேசப் போறாங்க. அதுல ஒருத்தர் திங்கட்கிழமை வர்றார்.”

நான் போட்ட பூஜ்யங்கள் எங்கள் வீட்டோடு நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். யாரோ ஒருவர் திங்கட்கிழமை நம்பிக்கையோடு வந்து கையை நீட்டப்போகிறார். அதற்கு முன் யாரோ ஒரு பெண், எரிகிற விரலால் பேனாவைப் பிடித்து, இவருக்காக உண்மையை எழுதியிருக்கிறாள். இவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

“டைரியை எடு,” என்றார் இவர். “நான் சொல்றேன், நீ எழுது.”

அழிக்கக் கூடாதாம். ஒவ்வொரு பூஜ்யத்தின் மேலும் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணும் தேதியும் கையெழுத்தும். பன்னிரண்டு பூஜ்யங்களையும் அடித்தேன். கடைசி நாளுக்கு மூன்று என்று போட்டு, வெல்க்ரோ விஷயத்தையும் எழுதினேன். எழுதி முடித்ததும் இவர் நர்ஸிடம், “மன்னிச்சிடுங்க” என்றார். என்னிடம்கூட அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாத்திரையை நிறுத்தினார்கள். புண் ஆறிய பிறகு தினம் ஒன்று என்று ஆரம்பித்தார்கள். கை ஆற ஆற எனக்குப் பயம் ஏறியது. எரிச்சல் போனதோடு மருந்தின் வேலையும் போய்விட்டால்? ஸ்கேன் நாள் வரை கடையில் எத்தனை ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன் என்று கணக்கில்லை.

இரண்டாம் மாத முடிவில் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இரண்டு கட்டிகள் அப்படியே இருந்தன. பெரியது பதினெட்டு மில்லிமீட்டரிலிருந்து பன்னிரண்டாக ஆகியிருந்தது.

“குணமாயிடுச்சுன்னு நான் சொல்லல,” என்றார் டாக்டர். “அடங்கியிருக்கு. ஒரு மாத்திரையே போதுமா இருக்கு. அடுத்த மூணு பேரையும் அதே அளவுலதான் ஆரம்பிச்சோம். ஒருத்தருக்கும் கை வெடிக்கல.”

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. டாக்டருக்குச் சொன்னேன். நேராக இன்ஸ்பெக்டர் அறைக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போய் அவருக்கும் சொன்னேன். பிறகு, “அந்த அம்மாவைப் பார்க்க முடியுமா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

நர்ஸ் எங்களுக்கு நாற்காலியைக் காட்டினார்.

“அவங்க வீட்டுக்காரர் சொல்லலாம்னு சொல்லியிருக்கார், அதனால சொல்றேன். அவங்க போய் மூணு மாசம் ஆச்சு. அவங்களுக்கு மருந்து கேக்கல. அவர் மட்டும் அப்பப்ப போன் பண்ணுவார். ‘மத்தவங்க எப்படி இருக்காங்க’ன்னு கேப்பார். விவரம் சொல்லக் கூடாதுன்னு அவருக்கும் தெரியும். ‘பரவாயில்ல சார்’னு சொல்லி வெச்சிடுவேன்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

“எங்க விவரத்தைச் சொல்லுங்க சிஸ்டர். பேரு வேணாம். ஒருத்தருக்கு ஆறு மில்லிமீட்டர் குறைஞ்சிருக்குன்னு சொல்லுங்க. அவங்க எழுதினதாலதான்னு சொல்லுங்க.”

“இதுக்கும் ஒரு கையெழுத்து வேணும் சார்,” என்று நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். இவர் போட்டார். நர்ஸ் அந்த மனிதரின் போனுக்காகக் காத்திருக்கவில்லை. அப்போதே ரிசீவரை எடுத்து எண்ணை அழுத்திவிட்டு, எங்களை வெளியே இருக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

கதவைச் சாத்தும்போது, “சார், இன்னைக்கு நானே கூப்பிடறேன்” என்று அவர் சொல்வது கேட்டது. அதற்கு மேல் கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை. நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, இரண்டு பேரும் அழுதோம்.