அசையாதவரைத் தேடும் மீன்கள்

ஒசாகாவில் நான் காவல் பார்க்கும் நிலத்தடிப் பாதையில், பழங்காலத் தோட்டக்குளம் ஒன்றை ஒளியாலேயே தரையில் உருவாக்கியிருந்தார்கள். அசையாமல் இருப்பவரைத் தேடி ஒளிமீன்கள் வரும், அசைந்தால் ஓடிவிடும். முன்னோரின் நிதானத்தை நகரத்துக்குத் திருப்பித் தரும் திட்டமாம். திறந்துவைக்க வந்த விழாக் குழுத் தலைவர் குஜிராய், நிதானத்தைப் பற்றி நாற்பது நிமிடம் கைகளை வீசி முழங்கினார். ஒரு மீனும் அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எல்லா மீன்களும் தூணோரம் அட்டைமேல் படுத்திருந்த தெஷிமாவிடம் போய்விட்டன. வீடில்லாத மனிதர், இரண்டு நாளாகக் காய்ச்சல். வெளியே பனி கொட்டியது. விழாவுக்கு முன்பே அவரை அப்புறப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். எனக்குத்தான் மனம் வரவில்லை.

கேமராக்கள் அங்கே திரும்பின. குஜிராய் உருகிப்போனார்.

"அடடா, என்ன ஒரு அமைதி! யாருய்யா இந்த நடிகர்?"

"நடிகர் இல்லீங்க. இங்கயே படுத்துக் கெடக்கிறவரு."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கியது. "படம் புடிக்கிறவங்க போற வரைக்கும் கெடக்கட்டும். அப்புறம் வெளிய அனுப்பிடு."

தெஷிமா கண்ணைத் திறக்காமலே முனகினார். "ஏம்ப்பா, நான் எந்திரிக்கணுமா, வேணாமா?"

"அசையாதீங்கண்ணே."

படம் பிடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசிப் படக்காரர் பையை மூடும்போது ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"இந்தப் பக்கத்துலருந்து இன்னும் ஒண்ணு எடுங்க சார். மீனெல்லாம் இப்பத்தான் நல்லா கூடுது."